நடைப்பயிற்சி பாதியில் நின்றுபோகாமல் இருக்க

உடம்பை அசைப்பது நல்லது என்று தெரியாமல் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. நடந்தே தீர்வது என்று முடிவெடுத்தவர்களுக்கும் குறைவில்லை. ரோட்ஸ், டி ப்ரூயின் என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: உடற்பயிற்சி செய்யப்போவதாக முடிவெடுத்தவர்களில் சுமார் 46 சதவீதம் பேர் அதைச் செய்யவில்லை. இவர்களுக்கு ஆசையில் குறையில்லை. ஆசைக்கும் வாசல் கதவுக்கும் நடுவில் எங்கோ அறுந்துபோகிறது. "எனக்கு வைராக்கியம் பத்தாது" என்று தன்னையே திட்டிக்கொண்டு, முன்பைவிடப் பெரிய சபதம் எடுப்பதால் அது ஒட்டாது.

பல வருடங்களாக உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாமல், நடையில் தொடங்க நினைப்பவருக்கான வழிமுறை இது. காலம் 12 வாரம். அதற்குள் எடை குறையலாம், குறையாமலும் போகலாம். அதை இப்போதைக்குக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 13-வது வாரத் திங்கட்கிழமையும் நீங்கள் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினால் திட்டம் வென்றது. இதய நோய் உள்ளவர்கள், நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வருகிறவர்கள், இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

ஏழு நாள், இப்போது எப்படி இருக்கிறீர்களோ அப்படியே இருங்கள். கைபேசியில் உள்ள அடிக் கணக்கை மட்டும் தினமும் இரவு ஒரு தாளில் குறித்து, கடைசியில் சராசரி எடுங்கள். புடவையிலோ நைட்டியிலோ பை இருக்காது, கைபேசி சமையலறை மேடையிலேயே கிடக்கும் என்றால் அந்த எண் பொய் சொல்லும். அப்படிப்பட்டவர்கள் அடியை விட்டுவிட்டு, ஒரு நாளில் தொடர்ந்து நடந்த நிமிடங்களைக் குறிக்கலாம். தோராயமாக 10 நிமிட நடை என்பது 1,000 அடி.

இந்த வாரத்தைத் தாவிவிட்டு நேராக 10,000 அடிக்குப் போகிறவர்கள்தான் சீக்கிரம் நிற்கிறார்கள். அந்த 10,000 எந்த மருத்துவ ஆய்விலிருந்தும் பிறந்ததில்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கெய்' என்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது; பெயரின் பொருளே பத்தாயிரம் அடி மானி. 15 ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்து 2022-இல் வெளியான ஆய்வில், ஆயுளுக்குக் கிடைக்கும் பலன் 60 வயதைக் கடந்தவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடியிலும், அதற்குக் குறைந்த வயதினருக்கு 8,000 முதல் 10,000 அடியிலும் கிட்டத்தட்ட நிலைத்துவிடுகிறது.

உங்கள் சராசரி 3,200 என்று வைத்துக்கொள்வோம். 10,000 என்று குறி வைத்தால் தினமும் இரவில் தோல்வியோடு படுக்கப் போவீர்கள். "என்னால் முடியும்" என்ற நம்பிக்கைக்கு முதல் ஊற்று ஏற்கெனவே செய்து முடித்த அனுபவம் என்று ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-லேயே எழுதினார். பிறர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், உடம்பு தரும் அறிகுறிகள் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். தினமும் தவறும் இலக்கு, தவறுவதற்கான பயிற்சியாகிவிடும்.

எனவே இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் சராசரியோடு 1,000 அடி மட்டும் கூட்டுங்கள். வாரத்தில் ஐந்து நாளாவது அது எட்டினால் அடுத்த இரண்டு வாரங்களுக்கு இன்னொரு 1,000. எட்டவில்லை என்றால் அதே எண்ணில் நில்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பெரும்பாலானவர்களுக்குத் தொடக்கத்தைவிட 3,000 முதல் 4,000 அடி கூடினாலே, உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு என்ற அளவுக்கு வந்துவிடும். அதே வழிகாட்டுதலில் இன்னொரு நல்ல செய்தி உண்டு: ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஐந்து ஐந்து நிமிடமாக நடந்தாலும் சேரும்.

காரணத்தைச் சரியாக எழுதுங்கள்

"ஏன் நடக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டால் வரும் பதில்கள் ஏறக்குறைய நான்கு வகை. டாக்டர் திட்டுவார், மனைவி விடமாட்டாள் என்பது வெளியிலிருந்து வரும் அழுத்தம். நடக்காவிட்டால் ஒரு மாதிரி குற்ற உணர்ச்சி என்பது அதே அழுத்தம் உள்ளே குடிவந்த நிலை. மூச்சு வாங்காமல் மூன்றாவது மாடி ஏற வேண்டும் என்பது நாமே மதிக்கும் பயன். நடப்பதே பிடித்திருக்கிறது என்பது கடைசி வகை. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் இருவரும் உருவாக்கிய தன்னாட்சிக் கோட்பாடு இந்த வரிசையைத்தான் பேசுகிறது. அதை உடற்பயிற்சிக்குப் பொருத்திப் பார்த்த ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2012-இல் வந்தது. ஆரம்பிப்பதற்கு மூன்றாவது வகை கைகொடுக்கிறது, நீண்ட காலம் நீடிக்க நான்காவது வகை வேண்டியிருக்கிறது என்பது அதன் முடிவு.

முதல் இரண்டு வகைகளும் வேலை செய்யாமல் இல்லை. வேகமாக வேலை செய்து வேகமாகத் தீர்ந்துவிடும். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கையில் கிடைத்த மறுநாள் பூங்காவில் புதுமுகங்களைப் பார்க்கலாம். அடுத்த ரிப்போர்ட்டில் எண் இறங்கியதும் பயம் போகும், கூடவே நடையும் போகும்.

எடையைக் காரணமாக வைப்பதிலும் இதே சிக்கல். சாப்பாட்டை மாற்றாமல் நடையால் மட்டும் குறையும் எடை கொஞ்சம்தான். முதல் மாதத்தில் எடைப் பொறியின் முள் அசையாமலே இருக்கக்கூடும். மனம் அதைப் பார்த்து "பலனில்லை" என்று கணக்கை முடித்துவிடும்.

ஒரு தாளில் காரணத்தை எழுதிவிட்டு, "இது இந்த வாரத்துக்குள் எனக்குக் கிடைக்குமா?" என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் அது முதன்மைக் காரணமாக இருக்க வேண்டாம். இரவு தூக்கம் கொஞ்சம் சீக்கிரம் பிடிப்பது, நாள் முழுக்க உட்கார்ந்த முதுகு இளகுவது, வீட்டில் யாரும் கூப்பிடாத இருபது நிமிடம், அலுவலகக் கோபம் இறங்குவது போன்ற அன்றன்றே கிடைக்கும் கூலியை எழுதுங்கள். சர்க்கரையும் எடையும் இரண்டாவது வரியில் இருக்கட்டும்.

வேகம்தான் மறுநாளைத் தீர்மானிக்கிறது

இந்த வழிமுறையில் ஒரே ஒரு பகுதியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்து முடித்தபின் வரும் சுகத்தை எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால் நடந்துகொண்டிருக்கும்போது உடம்பு எப்படி உணர்கிறது என்பதற்கும், மாதங்கள் கழித்து அந்த மனிதர் நடையைத் தொடர்கிறாரா என்பதற்கும் தொடர்பு இருக்கிறது. மிதமான உழைப்பின்போது இதமாக உணர்ந்தவர்கள் 6 மாதம், 12 மாதம் கழித்தும் கூடுதலாக உடலுழைப்பில் இருந்ததை டேவிட் வில்லியம்ஸ் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் கண்டார்கள். முக்கி முனகி முடித்த நடையை மூளை மறப்பதில்லை. மறுநாள் காலை "இன்றைக்கு வேண்டாமே" என்று வரும் குரலுக்கு, முந்தைய நாள் வேகமும் ஒரு காரணம்.

இதில் ஒரு வரம்பு இருக்கிறது. மூச்சு திடீரென்று வாங்கத் தொடங்கும் புள்ளிவரை பெரும்பாலானவர்களுக்கு நடை இதமாகவே இருக்கும். அதைத் தாண்டினால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் இதம் குறையும். இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் பாண்டெலெய்மொன் எக்கெக்காகிஸ், எரிக் லிண்ட் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நேரடியாகப் பயன்படும். உடலுழைப்பில்லாத பெண்களை அவர்களே தேர்ந்தெடுத்த வேகத்தில் ஒரு முறையும், அதைவிட 10 சதவீதம் மட்டும் கூட்டிய வேகத்தில் ஒரு முறையும் நடைப்பொறியில் நடக்கவிட்டார்கள். எடை கூடிய பெண்களுக்கு அந்தப் பத்து சதவீதமே இதத்தைக் குறைத்துவிட்டது. மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவரை 5.5 கிலோமீட்டருக்குத் தள்ளுவதுதான் பத்து சதவீதம். பக்கத்தில் நடக்கும் மைத்துனர் "இன்னும் கொஞ்சம் வேகமா வாங்க" என்று சொல்வதால் நடக்கும் சேதம் இதுதான்.

அளப்பதற்கு இரண்டு எளிய வழிகள் உண்டு. முதலாவது பேச்சுச் சோதனை: முழு வாக்கியம் பேச வர வேண்டும், பாட்டுப் பாட வரக்கூடாது. பாடவே முடிகிறது என்றால் கொஞ்சம் வேகம் கூட்டலாம். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் குறையுங்கள். இரண்டாவது, உடற்பயிற்சி உளவியலில் பயன்படுத்தும் உணர்வு அளவுகோல். மைனஸ் 5 என்றால் மிக மோசம், 0 என்றால் இரண்டுமில்லை, பிளஸ் 5 என்றால் மிக நன்று. நடையின் நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை உங்களையே கேட்டு எண்ணைச் சொல்லுங்கள். முதல் ஆறு வாரம் பிளஸ் 1-க்குக் கீழே போகக்கூடாது. போனால் வேகத்தைக் குறையுங்கள், தூரத்தைக் குறைக்க வேண்டாம்.

தொடக்க ஐந்து நிமிடத்துக்கு மட்டும் இந்த எண்ணை நம்பாதீர்கள். உடற்பயிற்சி எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டிக் கேட்டால் மக்கள் குறைவாகவே சொல்கிறார்கள், செய்து முடித்தபின் அதைவிடக் கூடுதலாகச் சொல்கிறார்கள் என்று கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2011-இல் காட்டியது. காரணம், மனக்கண்ணில் வருவது கால் கனக்கும் ஆரம்பக் கட்டம் மட்டும்தான். ஆகவே "போகலாமா, திரும்பலாமா" என்ற கேள்வியை ஐந்தாவது நிமிடம்வரை ஒத்திப்போடுங்கள். அதன்பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் தாராளமாகத் திரும்பலாம். அன்றைய நடை கணக்கில் சேரும்.

முடிவும் முக்கியம். 15 நிமிட மிதிவண்டிப் பயிற்சியைக் கடினமாகத் தொடங்கி இலகுவாக முடித்தவர்கள், இலகுவாகத் தொடங்கிக் கடினமாக முடித்தவர்களைவிட இனிமையாக அதை நினைவில் வைத்திருந்தார்கள் என்று 2016-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எனவே மேம்பாலமோ ஏற்றமோ வழியில் இருந்தால் போகும்போதே அதை முடித்துக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிடம் நிழலான தெருவில், ஊர்க்கதை பேசிக்கொண்டு வரும் வேகத்தில் இருக்கட்டும். "கடைசிச் சுற்று மட்டும் ஓடிப்பார்க்கலாம்" என்ற ஆசை இளைஞர்களுக்கு வரும். அந்தச் சுற்றுதான் மனதில் நிற்கும் என்பதால் ஆரம்ப மாதங்களில் அது நட்டக் கணக்கு.

எப்போது, எங்கே, எதற்குப் பிறகு

248 மாணவர்களை வைத்து பிரிட்டனில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு ஒன்று. ஒரு குழுவுக்கு எதுவும் சொல்லவில்லை. அடுத்த குழுவுக்கு உடற்பயிற்சி இதயத்தைக் காக்கும் என்று விளக்கம் கொடுத்தார்கள். மூன்றாவது குழு, விளக்கத்தோடு "அடுத்த வாரம் இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடத்தில் 20 நிமிடம் செய்வேன்" என்று எழுதிக் கொடுத்தது. அந்த வாரத்தில் ஒருமுறையாவது செய்தவர்கள் முதல் குழுவில் 38 சதவீதம், இரண்டாவதில் 35, மூன்றாவதில் 91. விளக்கம் மட்டும் கேட்டவர்களுக்கும் ஒன்றும் கேட்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பதைக் கவனியுங்கள். காலையில் வாட்ஸ்அப்பில் வரும் ஆரோக்கியக் குறிப்புகளால் ஏன் யாரும் எழுந்து நடப்பதில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது.

எழுதும் விதத்தில்தான் சூட்சுமம். "நாளையிலிருந்து தினமும் காலையில் நடப்பேன்" என்பது திட்டமில்லை. "திங்கள், புதன், வெள்ளி காலையில் காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் ஷூ மாட்டி, தண்ணீர் தொட்டி வரை போய்த் திரும்புவேன்" என்பது திட்டம். கடிகார நேரத்தைவிட, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலின் வாலில் நடையைக் கட்டுவது நல்லது. ஆறரை மணி என்று வைத்தால், ஆறரைக்கு நீங்கள் வேறு ஏதோ செய்துகொண்டிருப்பீர்கள். காபி முடிந்த கணத்தில் கை சும்மா இருக்கும்.

எந்தச் செயலோடு கட்டுவது என்பதில் வழக்கமாக நடக்கும் பிழைகள் மூன்று. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பியதும் என்று வைத்தால் மே மாதத்தில் பள்ளியோடு நடையும் விடுமுறை எடுக்கும். குளித்து உடைமாற்றிய பிறகு என்று வைத்தால், வியர்க்கும் என்ற தயக்கம் முன்னே வந்து நிற்கும். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் என்று வைப்பவர்கள் சோபாவில் உட்கார்ந்துவிட்டால் முடிந்தது. அவர்கள் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே, பேருந்து நிறுத்தத்திலிருந்து சுற்றுவழியில் வருவதாக எழுதிக்கொள்ளலாம்.

இதோடு தடைகளுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். சென்ற முறை நின்றுபோனது எதனால் என்று நினைவுபடுத்தி, முதல் மூன்றுக்கு மட்டும் "இது வந்தால் அது" என்று எழுதினால் போதும்.

மழை பெய்தால், வீட்டுக்குள் 10 நிமிடம் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பேன்.
அந்தத் தெருவில் நாய்கள் கூட்டமாக நின்றால், திரும்பி மொட்டை மாடியில் 10 நிமிடம் நடப்பேன்.
விருந்தாளி வந்திருந்தால், கடைக்குப் போகும் சாக்கில் தெருமுனை வரை போய் வருவேன்.

மூன்றிலும் அளவு குறைந்திருக்கிறது, செயல் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இரண்டு காலங்களை முன்கூட்டியே கணக்கில் எடுத்தாக வேண்டும்: அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை, மே மாத அக்னி நட்சத்திரம். இந்த இரண்டுக்கும் வேறு நேரமோ வேறு இடமோ எழுதி வைக்காத திட்டம் வருடத்தில் இரண்டு முறை செத்துப் பிழைக்க வேண்டியிருக்கும்.

அதிகாலை என்ற மூடநம்பிக்கை

ஐந்து மணிக்கு எழுந்தால்தான் நல்லவர் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. இரவு பன்னிரண்டுக்குப் படுப்பவர் ஐந்து மணி அலாரம் வைப்பது தூக்கத்திலிருந்து கடன் வாங்குவதுதான். சில நாட்களில் உடம்பு அதைத் திருப்பிக் கேட்கும். மாலை நடையும் நடைதான். ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் நேரத்தை விட்டுவிட்டு, எழுந்ததிலிருந்து எண்ணிக்கொள்ளலாம்: எழுந்து முதல் சாப்பாடு முடிந்ததும், அது காலையோ மாலையோ.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் நேரடியானது. இந்தியாவில் போதுமான உடலுழைப்பு இல்லாதவர்கள் 2022 நிலவரப்படி பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம் என்று 2024-இல் வெளியான உலகளாவிய ஆய்வு மதிப்பிட்டது. காலை ஐந்தரையிலிருந்து எட்டரைவரை அடுப்படியில் நிற்கும் ஒருவரிடம் மன உறுதியைப் பற்றிப் பேசுவது அநியாயம். அங்கே மாற வேண்டியது வீட்டு வேலைப் பங்கீடு. "திங்கள், புதன், வெள்ளி காலை டிபன் உங்கள் பொறுப்பு" என்று நாளும் வேலையும் குறித்துப் பேசி முடியுங்கள். "கொஞ்சம் உதவி பண்ணுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் ஒரு வாரம் தாங்கும்.

விடுபட்ட நாளுக்கு விதி

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்பதை நம்பி 22-வது நாள் ஏமாந்தவர்கள் பலர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கண்காணித்தார்கள். ஒரு புதிய செயல் யோசிக்காமல் தானாக வரும் நிலையை எட்ட நடுவளவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள். மறுகோடியில் 254 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்ற சின்னச் செயல்களைவிட உடற்பயிற்சிக்குக் கூடுதல் நாள் தேவைப்பட்டது. பலரும் கவனிக்காத ஒரு முடிவும் அதில் உண்டு: நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை.

தவறிய நாளைவிட, தவறிய பிறகு மனம் சொல்லும் கதைதான் ஆபத்து. "போச்சு, தொடர்ச்சி உடைந்துவிட்டது, இனி மாதப் பிறப்பிலிருந்து பார்க்கலாம்" என்ற அந்த வாக்கியத்தில்தான் பத்து நாள் காணாமல் போகும். தொடர் நாட்களை எண்ணும் செயலிகள் இதை இன்னும் மோசமாக்கும். 40 என்று காட்டிய எண் ஒரே நாளில் 0 ஆனால் யாருக்கும் வெறுத்துப்போகும். அதற்குப் பதில் மாதத்தில் மொத்தம் எத்தனை நாள் என்று நாள்காட்டியில் வட்டமிடுங்கள். அந்த எண் கீழே இறங்கவே இறங்காது.

அமெரிக்காவில் ஒரு பெரிய உடற்பயிற்சிக் கூடச் சங்கிலியின் 61,293 உறுப்பினர்களிடம் 54 விதமான நான்கு வாரத் திட்டங்களைச் சோதித்து, கேத்தரின் மில்க்மன் குழுவினர் 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அத்தனையிலும் முன்னணியில் வந்த திட்டம், ஒரு முறை தவறவிட்டவர் அடுத்த முறை திரும்பி வந்தால் சுமார் 9 சென்ட் மதிப்புள்ள சின்னக் கூடுதல் பரிசு கொடுத்தது. வருகை 27 சதவீதம் கூடியது. ஒன்பது சென்ட்டுக்காக யாரும் ஜிம்முக்கு வரமாட்டார்கள். திரும்பி வருவதைத் தனியாகக் கவனித்ததுதான் வேலை செய்திருக்க வேண்டும். அதே ஆய்வின் கசப்பான பக்கம்: நான்கு வாரம் முடிந்து பரிசு நின்றபின்னும் அளவிடத்தக்க மாற்றத்தைத் தக்கவைத்தவை அந்தத் திட்டங்களில் 8 சதவீதம்தான்.

வீட்டில் இதை இப்படிச் செய்யலாம். ஒரு நாள் தவறலாம். திட்டமிட்ட இரண்டு நாட்கள் அடுத்தடுத்து தவறக்கூடாது. தவறிய மறுமுறை முழு நடை வேண்டாம், ஷூ மாட்டித் தெருமுனை வரை போய் வந்தாலே வட்டம் போடலாம். தவறியதை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாக நடப்பதை அறவே தவிருங்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு மூன்றாவது நாளும் போகும்.

பணமும் பரிசும் எவ்வளவு தூரம்

வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் அந்தப் பயத்திலாவது போவோம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2006-இல் வந்த கட்டுரையில், மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் வந்திருந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கும் மேல் விழுந்தது. பத்து டாலருக்கு ஒரு முறை நுழையும் வசதி அங்கேயே இருந்தது. முதல் மூன்று மாதம் மாதச் சந்தாவோ நாள் கட்டணமோ உள்ள இடத்தில் சேருங்கள். "வருடத்துக்குக் கட்டினால் பாதி விலை" என்ற பேச்சு, நீங்கள் வரப்போவதில்லை என்ற எதிர்பார்ப்பிலும்தான் ஓடுகிறது.

பரிசைவிட உருப்படியானது, பிடித்த ஒன்றை நடையோடு மட்டும் சேர்த்து வைப்பது. பிடித்த ஒலிநூலையோ பேச்சையோ நடக்கும்போது மட்டும்தான் கேட்பது என்று வைத்துக்கொண்டால் ஆரம்ப வாரங்களில் நல்ல இழுவை இருக்கும். மில்க்மன் குழு 2014-இல் இதையும் சோதித்தது. ஆரம்பத்தில் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வருவது 51 சதவீதம்வரை கூடியது. நீண்ட விடுமுறை ஒன்று வந்ததும் விளைவு கரைந்துவிட்டது. ஆகவே இதைத் தொடக்க உந்துதலாக மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு விடுமுறைக்குப் பின்பும் புதிய தொடரோடு மறுபடி ஆரம்பியுங்கள். சாலையில் நடப்பவர்கள் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள்.

துணை யார்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நடந்து 2014-இல் வெளியானது. அதில் 54.4 சதவீதம் பேர் உடலுழைப்பற்றவர்கள். ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. இதன் உளவியல் பொருள், நம்மில் பலர் வீட்டில் யாரும் உடற்பயிற்சி செய்து பார்த்ததே இல்லை என்பது. நம் வயது, நம் உடல்வாகு, நம் வேலைச்சுமை உள்ள ஒருவர் நடப்பதைப் பார்த்தால்தான் "நாமும்" என்று தோன்றும். கட்டுமஸ்தான இளைஞரின் காணொளி அந்த வேலையைச் செய்யாது.

சென்னை திருமங்கலம் ஏசியாட் காலனியில் நடந்தது நல்ல உதாரணம். நீரிழிவு பற்றிய ஆய்வுக்காக அங்கே வந்த மருத்துவக் குழுவின் விழிப்புணர்வுப் பேச்சுகளுக்குப் பிறகு, குடியிருப்பவர்கள் தாங்களே பணம் திரட்டிப் பூங்கா அமைத்தார்கள். வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதமாக இருந்தது, சில ஆண்டுகளில் 58.7 சதவீதமானது. அறிவுரை முன்பும் இருந்தது. நடக்க இடமும், அங்கே தெரிந்த முகங்களும், "இது நாம் கட்டியது" என்ற உரிமையும் பிறகு வந்தவை.

துணை தேடும்போது வேகம் ஒத்துப்போகிறவரைத் தேடுங்கள், நட்பு இரண்டாம்பட்சம். இருவர் மட்டும் என்றால் ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவரும் நிற்பார். மூவர் அல்லது நால்வர் பாதுகாப்பு. யார் வராவிட்டாலும் மற்றவர்கள் கிளம்பிவிடுவது, வாசலில் இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்காதது என்று முதல் நாளே பேசிவிடுங்கள். நடை முடிந்ததும் டீக்கடையில் வடை சாப்பிடும் குழுவைப் பலர் கேலி செய்வார்கள். அந்த வடைக்கடைதான் அவர்களைத் தினமும் கூட்டி வருகிறது என்றால், வடையை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து டீயை வைத்துக்கொள்ளுங்கள்.

தசைப் பயிற்சியை எப்போது சேர்ப்பது

வாரத்துக்கு இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். நடை ஆறு வாரம் நிலைத்தபின், நடந்து திரும்பிய கையோடு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 8 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 8 முறை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டிரண்டு கூட்டுங்கள். இதில் எண்ணிக்கை ஏறுவது கண்ணுக்குத் தெரியும் என்பதால், நடையில் சலிப்பு தட்டும் எட்டாவது ஒன்பதாவது வாரத்தில் மனதுக்கு நல்ல தீனி.

மனம் காரணமில்லை என்றால்

இத்தனையும் செய்தும் கால் நகரவில்லை என்றால் உளவியல் குறிப்புகளை நிறுத்திவிட்டு உடம்பைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, இரவில் குறட்டையோடு மூச்சுத் தடைபடுவது, மூட்டு வலி எல்லாமே சோம்பல் போலத் தோன்றும். முன்பு பிடித்த எதிலும் இரண்டு வாரத்துக்கு மேல் விருப்பமே இல்லாமல், தூக்கமும் பசியும் மாறியிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில் நடை உதவும்தான், ஆனால் "மனம் சரியானதும் நடப்பேன்" என்று காத்திருப்பது உதவாது. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், கூட ஒருவர் வர, என்ற அளவில் தொடங்கலாம்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு

காய்ச்சல், வீட்டில் ஒரு விசேஷம், ஊர் மாற்றம் என்று மூன்று நான்கு வாரம் நின்றுபோவது எல்லாருக்கும் நடக்கும். விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம். விட்டபோது 30 நிமிடம் என்றால் 15 நிமிடம், அதே வேகத்தில் வேண்டாம், பேச்சுச் சோதனைப்படி. நின்றுபோனதற்கான காரணத்தை "இது வந்தால் அது" பட்டியலில் நான்காவது வரியாகச் சேருங்கள். வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாளுக்கு அடுத்த நாட்கள் போன்றவற்றில் மக்கள் ஜிம்முக்குப் போவது கூடுகிறது என்று 2014-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் அடுத்த திங்கட்கிழமைக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். காய்ச்சலுக்குப் பின் என்றால் முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டாவது வாரம் 20 நிமிடம், மூன்றாவது வாரம் பழைய அளவு.